நூற்றைம்பது அல்ல, ஐ ஐம்பது

எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கு 'ஆட்டு பெயிலு' என்று சொன்னால், அடுத்து வருகிற கேள்வி 'எப்ப எடுக்குறாங்க?' என்பதுதான். எந்த வார்டு, இப்போது எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கொழுந்து லொறி ஓட்டினவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போனார். அது ஆட்டு பெயிலு. கோயிலில் தப்படிக்கிறவர் திருவிழா முடிந்து சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார். அதுவும் ஆட்டு பெயிலு. ஹார்ட் ஃபெயில் என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். அப்படிப் பெயிலான ஒருவர் மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து நின்றதை நான் கண்டதில்லை.

அந்த வார்த்தை என் பேருக்கே வந்து சேர்ந்தது. அது வந்து சேர்ந்த விதத்தையும், பிறகு என் நெஞ்சை விட்டு இறங்கிய விதத்தையும் எழுதிப் பார்க்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

கவ்வாத்து வெட்டுவது என் வேலை. தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே கத்தியால் சீவிவிடுகிற வேலை. போன மழைக்காலத்தில் மலை ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. மற்றவர்கள் மேலே போய் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் பாதி வழியில் கல்லில் உட்கார்ந்து, சப்பாத்துக்குள் அட்டை இருக்கிறதா என்று தேடுகிறவன் போல நடிப்பேன். பிறகு அந்தச் சப்பாத்துக்குள் கால் போகவில்லை.

"என்னங்க கால் இது, பேக்கரிப் பணிசு மாதிரி உப்பியிருக்கு?" என்று என் மனைவி விரலால் அமுக்கினாள். அமுக்கின இடம் குழியாகவே நின்றது. அந்தக் குழியைப் பார்த்துவிட்டுத்தான் அவள் என்னைத் தோட்டத்து மருந்துக்காரரிடம் இழுத்துப் போனாள். அவர் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

வார்டில் படுக்க வைத்து, ஊசி போட்டு, உடம்பில் தேங்கியிருந்த தண்ணீரை இறக்கினார்கள். கால் மெலிந்தது. மூச்சும் இலேசானது. வீட்டுக்கு விடுகிற அன்று இளம் டாக்டர் ஒருவர் என் கட்டில் பக்கம் வந்து சிங்களத்தில், "ஹதவத டிக்கக் துர்வலயி" என்றார். இதயம் கொஞ்சம் பலவீனம். எனக்குச் சிங்களம் விளங்கும். பலவீனம் என்றால் ஒன்றும் பெரிதில்லை, எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பலவீனம் இல்லாதவர் யார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்க நினைத்தவை இரண்டொன்று இருந்தன. டாக்டர் நிமிர்ந்து பார்த்ததும் ஒன்றையும் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன்.

கையில் டயக்னோசிஸ் கார்டைக் கொடுத்தார்கள். டாக்டர் எழுதியது கொடி ஓடின மாதிரி இருந்தது, ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. ஆனால் மேலே மூலையில் வேறு யாரோ அழகாக, தனித்தனியாக, ஓர் இலக்கம் போட்டிருந்தார்கள். முதலில் ஒரு கோடு, பிறகு ஐந்து, பிறகு சைபர். நான் நூற்றைம்பது என்று வாசித்தேன்.

"பிரஷர் நூத்தம்பதாம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"அவ்ளோதானா? எங்கம்மாவுக்கு அதவிடக் கூட இருந்துச்சு" என்றாள். இரண்டு பேரும் நிம்மதியாக பஸ் ஏறினோம்.

என் மச்சினன், மனைவியின் தம்பி, ஹட்டனில் போன் கடை ஒன்றில் வேலை செய்கிறான். பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு என்னைப் பார்க்க வந்தவன், கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், இது ஒண்ணு இல்ல. இங்கிலீசு ஐ. ஐ ஐம்பது. வருத்தத்துக்கு, நோய்க்குப் போடுற நம்பரு இது."

"என்ன வருத்தம்?"

"போன்ல அடிச்சாத் தெரியும். இங்க சிக்னல் இல்லியே" என்று லயத்துக்கு மேலே இருக்கிற சவுக்கு மரத்தடிக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன் முகம் வேறு மாதிரி இருந்தது. கேட்டதற்கு, "நெட்டு சரியில்ல மச்சான்" என்றான். தேநீரைக் குடித்தும் குடிக்காமலும் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

அவன் அந்த மரத்தடியிலிருந்தே என் அக்காவுக்குப் பேசியிருக்கிறான். அக்கா நானுஓயாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். குடும்பத்துக்குப் பெரியவள், பக்குவமாக எங்களிடம் எடுத்துச் சொல்லுவாள் என்று நினைத்திருக்கிறான். "மச்சானுக்கு ஹார்ட் ஃபெயிலுங்க..." என்று தொடங்கியிருக்கிறான். அந்த இடத்தில் லைன் அறுந்துவிட்டது.

மறுநாள் காலையில் எங்கள் லயத்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டி, எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

அக்கா வேனிலிருந்து குதித்து, முடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாளாம். "எங்கள விட்டுட்டுப் போயிட்டியே சாமீ!" என்று என் மனைவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாளாம். என் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மதினி தலைவிரி கோலமாக வந்து அழுகிறாள், கூட அவள் புருஷனை, இவள் அண்ணன் என்று கூப்பிடுகிறவரை, காணோம். போனது அவர்தான் என்று முடிவு கட்டி என் மனைவியும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயோ மதினி, நல்லாத்தான இருந்தாரு எங்க அண்ணன்! எங்க மதினி வச்சிருக்கீங்க அவர?"

"வேன்லதான் இருக்காரு..." என்று அக்கா அழுகைக்கு நடுவே சொன்னாளாம்.

அதைக் கேட்டு என் மனைவி இன்னும் உயர்ந்த குரலில் அழுதாளாம். அந்த நேரத்தில் வேனின் மறுபக்கக் கதவு திறந்து, அக்காவின் புருஷன் பெரிய மாலை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"மாலைய எங்கம்மா வைக்க? எங்க கெடத்தியிருக்கீங்க?"

என் மனைவி வாயைப் பிளந்தபடி நின்றாளாம். "யார அண்ணே?"

"மச்சானத்தான்."

"அவங்க பீலிக்குப் போயிருக்காங்களே."

"பீலிக்கா? குளிப்பாட்டவா தூக்கிட்டுப் போனாங்க?"

"யாரும் தூக்கல! மூஞ்சி கழுவ அவங்களே நடந்து போயிருக்காங்க!"

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது லயமே வாசலில் நின்றது. அக்கா என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வந்து என் தோளில் இரண்டு அடி போட்டாள்.

"உசுரோட இருக்கவன் ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதாடா?"

"எனக்கே இப்பதானக்கா தெரியுது" என்றேன்.

பக்கத்துக் காம்பராக்காரருக்கு அன்றைக்குத் திருவிழாதான். "ஆட்டுக்குத்தான பெயிலு? கோழிக்குப் பாஸாயிருக்கும். அடிச்சிக் கொழம்பு வையி தங்கச்சி. மாலையோட வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது" என்றார். உண்மையாகவே கோழி அடித்தோம். அந்த மாலையை என்ன செய்வது என்பதுதான் பெரிய வழக்காகிவிட்டது. சாமிக்குப் போடக் கூடாது என்றாள் அக்கா. வேனில் கட்டலாமா என்றார் அவள் புருஷன். வேன்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "என் வண்டியும் பெயிலாயிரும், விடுங்கய்யா" என்றார். கடைசியில் ஆற்றில் விட்டார்கள்.

சிரித்தோம். நானும் சிரித்தேன். வேன் வளைவில் மறைந்த பிறகு வாசலில் நானும் மனைவியும் மட்டும் நின்றோம். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.

மச்சினன் அன்று சாயங்காலம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, போனில் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினான். திரையில் தமிழிலேயே இருந்தது. 'இதய செயலிழப்பு.' தமிழ் எனக்கு நன்றாக வாசிக்க வரும். செயல் என்றால் என்னவென்று தெரியும். இழப்பு என்றாலும் தெரியும். டாக்டர் சிங்களத்தில் 'கொஞ்சம் பலவீனம்' என்றது என் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் என்று அப்போது விளங்கியது. போனுக்கு அந்த இரக்கம் இல்லை. அது உள்ளதைச் சொல்லிவிட்டது. சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எத்தனை நாளைக்கு?

அக்கா கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி நேராகவே பேசினாள்.

"ஆளு சாகல, சரி. சாவப் போறீங்களா இல்லியா? எனக்கு அது தெரியணும். கிளினிக்கு நாளன்னிக்கு வாயத் தொறந்து டாக்டருகிட்ட கேளுங்க."

"நீ கேளேன்."

"எனக்குச் சண்ட போடுற சிங்களம்தான் வரும். இத எப்பிடிக் கேக்குறது?"

கிளினிக் நாள் வந்தது. மூடுபனியில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போயும் எங்களுக்கு முன்னால் உட்காரும் வாங்குகள் நிறைந்திருந்தன. எங்கள் முறை வருவதற்கு முன்பே நர்ஸ் ஒருவர் கார்டைப் பார்த்துவிட்டு, வார்டில் இருந்தபோது எழுதின பழைய குறிப்பு, டிக்கட் என்பார்கள், டாக்டருக்கு வேண்டும், ரெக்கோட் ரூமுக்குப் போய் எடுத்து வரும்படி சொன்னார். இரண்டு பேரும் எழுந்தால் இடம் போய்விடும். மனைவி வாங்கைப் பிடித்துக்கொண்டாள். நான் தனியாகப் போக வேண்டியதாயிற்று.

ரெக்கோட் ரூமில் ஒரு சின்ன ஜன்னல். உள்ளே கூரை வரைக்கும் கட்டுக் கட்டாகக் காகிதம். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் மேசையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் தமிழிலேயே, "என்ன வேணும் அண்ணன்?" என்றார். டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பத்துப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. கார்டை நீட்டினேன். அவர் மூலையில் இருந்த இலக்கத்தைப் பார்த்து, "ஐ ஐம்பது. என்ட கையெழுத்துத்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கட்டுகளைத் தேடப் போனார்.

அந்த அழகான எழுத்து அவருடையது! டாக்டரிடம் கேட்க முடியாத கேள்வி, அந்த முதுகைப் பார்த்ததும் எப்படியோ வந்துவிட்டது. முகத்தைப் பார்க்காததால்தான் வந்திருக்க வேண்டும்.

"மிஸ், அது சாவுற ஆளுகளுக்குப் போடுற நம்பருங்களா?"

அவர் திரும்பினார். "யார் சொன்ன?"

"போன்ல போட்டிருக்குங்க. செயலிழப்புன்னு. எங்க தோட்டத்துல ஆட்டு பெயிலுன்னா முடிஞ்சிச்சுன்னு அர்த்தம். எங்கக்கா மாலையே கொண்டாந்துட்டாங்க."

"மாலையா?" அவர் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து, டிக்கட்டை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்தார்.

"அண்ணன், இங்க கேளுங்க. டாக்டர்மார் எழுதுற வருத்தத்த நம்பராக்கிறதுதான் என்ட வேலை. ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒவ்வொரு நம்பர். ஹார்ட் சரியா பம்ப் பண்றதில்ல, சோர்ந்து போயிருக்கு, அதனால கால்ல தண்ணி நிக்குது, மூச்சு வாங்குதுன்னா அதுக்குப் பேரு ஹார்ட் ஃபெயிலியர். அதுக்குத்தான் இந்த நம்பர். நின்டு போனதுக்கு இல்ல."

நான் நம்பாத மாதிரி நின்றிருப்பேன். அவர் இன்னும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்டு சொல்றேன். ஒராள் மௌத்தாகினா, அதுக்குக் காரணம்னு இத மட்டும் எழுதி அனுப்பினா நாங்க எடுக்க மாட்டோம். திருப்பி அனுப்புவோம். மௌத்தானா எல்லார்ட ஹார்ட்டும் நிக்கத்தானே செய்யும்? அது ஒரு காரணமா? எதனால வந்திச்சுன்னு எழுதுங்கன்னு கேப்போம். விளங்கினா? இது நடமாடுறவங்கட நம்பர். கிளினிக்ல இருக்காங்களே, போய்ப் பாருங்க. அங்க எத்தன பேர்ட கார்ட்ல இது இருக்குதுன்னு."

"அப்ப நான் சாக மாட்டேனுங்களா?"

"அது அல்லாஹ்ட கையில. உங்கட கையிலயும், எங்கட கையிலயும்தான். என்ட நம்பர்ல ஒண்டும் இல்ல" என்றவர், "மருந்துக் குளிசைய விடாமப் போடுங்க. மத்ததெல்லாம் டாக்டர்ட்ட கேளுங்க. என்ட்ட கேட்ட மாதிரியே கேளுங்க, பயமில்ல" என்று டிக்கட்டைக் கொடுத்தார்.

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன். தலையை ஆட்டியிருப்பேன்.

திரும்பி வந்தபோது கிளினிக்கில் கூச்சலாக இருந்தது. என் மனைவியும் ஒரு தடித்த சிங்கள முதலாளியும் இடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அவளை முந்திக்கொண்டு உட்காரப் பார்த்திருக்கிறார். அவளுடைய சண்டைச் சிங்களம் முழுவதும் வெளியே வந்துவிட்டிருந்தது. அவர் கழுத்து நரம்பு புடைக்க, கிளினிக்கே அதிரக் கத்தினார். கத்தும்போது கையில் இருந்த கார்டை ஆட்டினார். அதன் மூலையில், அதே அழகான எழுத்தில், ஒரு கோடு, ஐந்து, சைபர்.

நான் அந்தக் கார்டையே பார்த்தேன். இவ்வளவு சத்தமாகக் கத்துகிற ஒருவருக்கும் அந்த நம்பர்தான். பிறகு வாங்குகளைப் பார்த்தேன். பாதிப் பேர் கையில் கார்டு வெளியேதான் இருந்தது. கடலை கொறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் கார்டில் அது இருந்தது. நர்ஸிடம் வழக்குப் பேசிக்கொண்டிருந்த, என்னைவிட இளைய ஒருவர் கார்டிலும் இருந்தது. பெயிலானவர்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்து, யார் முதலில் உள்ளே போவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி பாதிச் சண்டையில் திரும்பி, "இங்க நான் தொண்ட கிழியக் கத்துறேன், என்னங்க சிரிப்பு?" என்றாள்.

"அந்த ஆளுக்கும் ஐ ஐம்பதுதான்."

"அதுக்கு?"

"ஒக்கார விடு அவர" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். முதலாளி கத்துவதற்கு ஆளில்லாமல் உட்கார்ந்தார்.

டாக்டரிடம் கேட்டேன். கண்ணை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனாலும் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். முற்றாகச் சுகமாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கால் வீக்கம் வற்றியிருக்கிறது, நெஞ்சில் மூச்சுச் சத்தம் தெளிவாக இருக்கிறது, மருந்து பிடித்திருக்கிறது. உப்பைக் குறைக்க வேண்டும். கருவாடு கூடாது. எடை திடீரென்று ஏறினால் உடனே வர வேண்டும். மலையில் கவ்வாத்து வேண்டாம், சமதரையில் இலேசான வேலை செய்யலாம் என்று தோட்டத்துக்குத் துண்டுச் சீட்டு தருவார். இப்படி நடந்துகொண்டால் நெடுங்காலம் இருந்தவர்கள் இந்தக் கிளினிக்கிலேயே பலர் இருக்கிறார்கள் என்றார். மனைவி ஒவ்வொன்றையும் என்னிடம் தமிழில் கேட்டுக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். கருவாட்டை மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அக்கா வந்த அன்று ஊருக்கே கேட்க அழுதவள், இப்போது சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த நம்பருக்கு அர்த்தம் தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கண்ணை மூடப் பயம். மூடினால் திறக்காது என்று நினைத்திருந்தேன். பஸ் டவுனைத் தாண்டியதும் கண் தானாக இழுத்தது. தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

விழித்துப் பார்த்தபோது வெளியே எனக்குப் பழக்கமில்லாத தேயிலை மலை. கொண்டக்டர் எங்கள் முன்னால் நின்று மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா எறங்கணும்? நீங்க டிக்கட் எடுத்த எடம் எப்பவோ போயிருச்சே."

"தெரியும் தம்பி, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் அவள்.

"அப்ப ஏம்மா பெல் அடிக்கல?"

"தூங்குறாங்கள்ல. பாரு, எப்பிடிக் கொறட்ட விடுறாங்கன்னு. எழுப்ப மனசு வரல." பிறகு என் பக்கம் திரும்பி, "எறங்கலாமா? இல்ல, இன்னும் கொஞ்சம் தூங்குறீங்களா? பஸ்ஸு கடைசி வரைக்கும் போவட்டும், திரும்பி இதிலேயே வந்துரலாம்" என்றாள்.

கொண்டக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முன்பக்கம் போய்விட்டார். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.